உள்ளே ஆள் இருக்கிறது

டங்கென்று ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழேயிருந்து எவனோ வீசிய மஞ்சள் ஹெல்மெட் கண்ணாடியில் மோதி, உருண்டு, மறைந்தது. அடுத்த நொடியே இன்னொன்று. அதற்குப் பின்னால் தொழிலாளிகள் ஐம்பது பேர் இரும்புக் கேட்டை ஸ்பானரால் தட்டும் சத்தம்.

இன்ஜினியர் ருஜேரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வல்மோரா டைல்ஸ் தொழிற்சாலை முழுவதற்கும் மேனேஜர் அவர்.

"பாத்தீங்களா? காட்டுமிராண்டிங்க. கண்ணாடியை உடைக்கப் பாக்கறானுங்க."

"கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல, இன்ஜினியர்" என்றாள் ரொமானா பார்போலினி. "தாஹிரோட கால்தான் உடைஞ்சிருக்கு."

ரொமானாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அது தெரிந்த ஒரே ஆள் நெவியோ. முன்னாள் லாரி டிரைவர், இன்றைக்கு அவளுடைய உதவியாளன். அவன் நாற்காலியைச் சத்தமில்லாமல் அரை அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். கிடங்கில் ஆளில்லாமல் ஓடும் ராட்சத கிரேன், டைல்ஸ் அடுக்கு ஒன்றை இறக்கு மேடையில் வைத்தது. பச்சை விளக்கு எரிந்தது. தாஹிர் தன் ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்கி, அடுக்கின் பட்டையைச் சரிசெய்யப் போனான். அதே நேரத்தில் கிரேன் அதே மேடைக்கு இரண்டாவது அடுக்கைக் கொண்டுவந்து அவன் மேலேயே இறக்கிவிட்டது. மோதெனா ஆஸ்பத்திரியில் அவன் வலது காலை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று டாக்டர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரக்கை எடுத்து இறக்கச் சொல்லும் ஒரே பட்டுவாடா உத்தரவு கிரேனுக்கு இரண்டு முறை போயிருக்கிறது. யார் அனுப்பியது? நிர்வாகம் அரை நாளில் பதிலைக் கண்டுபிடித்துவிட்டது. பட்டுவாடா மேஜையில் உட்காரும் டெலியா.

அந்த டெலியா இப்போது மேஜையின் ஓரத்தில் இருந்தாள். அவள் முன்னால் டைப் அடித்த ஒரு தாள், மேலே மூடி கழற்றி வைத்த பேனா. 'அவசரத்தில் இரண்டு முறை அனுப்பிவிட்டேன்' என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"போட்டுட்டா கம்பெனி வக்கீலே உனக்காக வாதாடுவார்" என்றார் ருஜேரி. "போடலன்னா நீ தனியா கோர்ட்டுக்குப் போகணும். சாப்பாடு முடிச்சுட்டு போலீஸ் மார்ஷல் வந்துடுவார், டெலியா. அதுக்குள்ள முடிவு பண்ணு."

"நான் ஒரு தடவைதான் அனுப்பினேன்." டெலியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பத்து தடவை அனுப்பினாலும் ரெண்டாவது போகாது. இதை எத்தனை வாட்டி சொல்றது உங்களுக்கு?"

"எனக்குச் சொல்லுங்க" என்றாள் ரொமானா. இந்த விபத்தைத் துப்பறியத் தொழிற்சங்கம் அவளை அமர்த்தி ஒரு நாள்கூட ஆகவில்லை. "டைல்ஸுக்கும் பிஸ்கட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவள்னு நெனச்சுக்கிட்டு சொல்லுங்க."

"இல்ல சின்யோரா, காட்டிடறேன். வாங்க."

பேனாவைத் தள்ளிவிட்டு டெலியா எழுந்தாள். தாள் கீழே விழுந்தது. அவள் குனியவில்லை.

கம்ப்யூட்டர் அறை கீழ்த்தளத்தில், கிடங்கை ஒட்டி இருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நெவியோ அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"எங்க தாத்தா கல்யாண போட்டோகூட இதைவிட கலரா இருக்கும்."

"பழசுதான். ஆனா நின்னதே இல்ல" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் ஒரேஸ்தே. நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு கண்ணாடிகள். இந்த புரோகிராம் முழுவதையும் எழுதியவர் அவர்தான். அவர் டெலியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

டெலியா விளக்கினாள். இந்த மெஷினில் தகவல், புரோகிராம் எல்லாமே பெயருள்ள ஒரு பொருள். ஒரேஸ்தே அதில் 'வாசல்' என்று பெயர் வைத்து வெறும் பொருள் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். உள்ளே எதுவும் கிடையாது. பூட்டுவதற்கென்றே பிறந்தது. பட்டுவாடா வேலை தொடங்கியதும் முதல் காரியமாக அந்த வாசலைத் தனக்கு மட்டும் என்று பூட்டிக்கொள்ளும். இரண்டாவது வேலை வந்தால் அதுவும் பூட்டப் பார்க்கும், முடியாது. வந்த வழியே திரும்பிவிடும்.

"போலீஸ் வச்ச சீல்ல கிரேன் நிக்குது. எது அனுப்பினாலும் அசையாது. பாருங்க."

அவள் ஒரு திரையில் வேலையைத் தொடங்கினாள். பக்கத்துத் திரையில் அதையே மறுபடி தொடங்கினாள். பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: உள்ளே ஆள் இருக்கிறது.

"அழகா இருக்கு" என்றாள் ரொமானா. "அப்ப செவ்வாய்க்கிழமை அந்த ஆள் எங்க போனான்?"

பின்னாலேயே இறங்கி வந்திருந்த ருஜேரி முந்திக்கொண்டார். "ஒரேஸ்தே, சொல்லுங்க. காலைல எங்கிட்ட சொன்னதைச் சொல்லுங்க."

ஒரேஸ்தே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். "அன்னிக்கு டெலியா மேஜைக்குக் கரண்ட் ஒரு தடவை போச்சு. ஓடிட்டிருந்த வேலை பாதியில செத்துடுச்சு. அதோட பூட்டு மட்டும் மாட்டிக்கிட்டு நின்னிருக்கும். டெலியா அதைக் கையால எடுத்து விட்டிருக்கணும். அப்ப காவல் இல்லாம ரெண்டு வேலையும் போயிருக்கும்."

"ஒரேஸ்தே." டெலியா அவர் பக்கம் ஒரு அடி வைத்தாள். "நீங்களா இதைச் சொல்றீங்க? என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

அவர் திரும்பவில்லை.

ரொமானா டெலியாவின் தோளில் கை வைத்தாள். "இப்ப ஓடிட்டிருக்கிற அந்த வேலையைக் கொல்ல முடியுமா?"

"கரண்டைப் பிடுங்கினா போதும்."

"நெவியோ."

நெவியோ குனிந்து, முதல் திரையின் வயரை சுவரிலிருந்து உருவினான். திரை இருண்டது. "கொலை நடந்தாச்சு, பாஸ். ரத்தம் இல்ல."

டெலியா பக்கத்துத் திரையில் வேலையை மறுபடி தொடங்கினாள். ஒரு தடையும் இல்லை. நேராக உள்ளே போய் வாசலைப் பூட்டிக்கொண்டது.

"செத்தவன் கையில பூட்டு நிக்கல" என்றாள் ரொமானா. "வேலை செத்தா பூட்டும் கூடவே செத்துடுது. மாட்டிக்கிட்டு நிக்கவே நிக்காது. அப்புறம் எதை டெலியா கையால எடுத்து விட்டா?"

ஒரேஸ்தேயின் மீசை லேசாக அசைந்தது.

ருஜேரியின் கழுத்து சிவந்தது. "இது நீங்க போட்ட வித்தை. நாங்க வக்கீலை வச்சுப் பேசிக்கிறோம். சங்கத்துக்கு உள்ள வர உரிமை இருக்கு, சரி. வயரைப் பிடுங்க உரிமை இல்ல. வெளிய போங்க ரெண்டு பேரும்."

"போறோம். சாப்பிடணும்ல" என்றாள் ரொமானா. குரல் இன்னும் ஒரு படி இறங்கியிருந்தது. "டெலியா, நான் வர்ற வரைக்கும் அந்தப் பேனாவைத் தொடாதீங்க. உங்களை மாடிக்குக் கூப்பிட்டாலும் போகாதீங்க."

கேட்டுக்கு எதிரே இலேயானாவின் பார். உள்ளே பொரித்த மாவின் மணம், ஹாம் தட்டுகள், ஹெல்மெட் இல்லாத தலைகள். எல்லாரும் ஒரே நேரத்தில் திட்டிக்கொண்டிருந்தார்கள். நெவியோ ஒரு தட்டைக் காலி செய்துவிட்டு, அவசரமாகக் கல்லாவுக்குப் போனான். கழிவறைச் சாவி அங்கேதான் தொங்கும், யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதபடி ஒரு சூப்புக் கரண்டியில் கட்டி.

ரொமானா சாப்பிடவில்லை. தட்டை வெறித்துக்கொண்டிருந்தாள். தாஹிரின் மனைவியை அன்று காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அந்தப் பெண் அழவில்லை. 'அந்தப் பொண்ணு டெலியா இப்படிப் பண்ண மாட்டா, எங்க வீட்டுக்கு வந்திருக்கா' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கால் உடைந்தவன் பக்கம் இப்படி. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவன் பக்கம் அப்படி.

"சாப்பிடாட்டி எடுத்துடவா?" என்று கேட்டாள் இலேயானா. "இந்த வாரம் எல்லாரும் என் சாப்பாட்டை வீணாக்கறதுன்னே இருக்காங்க. செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் ரூமுக்கு ரெண்டு தட்டு நெறைய கீரைப் பணியாரம் அனுப்பினேன். வெளியூர்லேர்ந்து பெரிய பெரிய வியாபாரிங்க வந்திருந்தாங்களாம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒருத்தன் ஒரு வாய் வைக்கல."

ரொமானா தலை நிமிர்ந்தாள். "ஆம்புலன்ஸ் வந்தப்ப அவங்க இன்ஜினியர் ரூம்ல இருந்தாங்களா?"

"பின்னே? அங்கேர்ந்து பாத்தா கிடங்கு மொத்தமும் தெரியும். வர்றவங்களுக்கெல்லாம் அதைக் காட்டித்தானே பெருமையடிப்பார்."

அப்போது உள்பக்கத்திலிருந்து ஒரு கதவு படாரென்று சாத்தப்பட்டது. நெவியோ வெளியே வந்தான், முகம் தக்காளியாகி, கையில் சூப்புக் கரண்டி.

"இலேயானா, இது என்ன அக்கிரமம்? சாவி எங்கிட்ட இருக்கு. தொறக்கறேன், உள்ள ஒரு பெரிய மனுஷன் பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கார். 'வணக்கம்'கிறார்."

"ஐயோ, அது எங்க வீட்டுக்காரர். சமையல்கட்டுல அவருக்குன்னு ஒரு சாவி போட்டு வச்சிருக்கார். அதுக்கும் ஒரு கரண்டி."

"அதுலயும் கழிவறைன்னு சீட்டு ஒட்டியிருக்கா?"

"ஒட்டாம? அதே கதவுதானே."

பார் முழுக்கச் சிரித்தது. அந்த வாரத்தில் அங்கே கேட்ட முதல் சிரிப்பு. ரொமானா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நெவியோவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக் கல்லாவில் வைத்தாள்.

"வா."

"பாஸ், எனக்கு இன்னும்..."

"அடக்கிக்கோ."

சாலையைக் கடக்கும்போதே அவள் பேசினாள். "சாவியை நம்பின நீ. சாவி எங்கிட்ட இருந்தா உள்ள யாரும் இருக்க முடியாதுன்னு நெனச்ச. ஒரே ஒரு சாவி இருக்கிற வரைக்கும் அது சரி. அந்த மெஷின்ல பூட்டு உடையல, நெவியோ. யாரும் எடுத்து விடவும் இல்ல. ரெண்டு வேலையும் ஒழுங்கா, மரியாதையா, ஆளுக்கொரு வாசலைப் பூட்டிக்கிட்டுதான் போயிருக்கு."

"ரெண்டு வாசலா?"

"அதை அந்த மீசைக்காரர் வாயால கேப்போம்."

"அவர்தான் பச்சைப் பொய் சொல்றாரே."

ரொமானா நடு ரோட்டில் நின்றாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. லாரியைத் திரும்பிப் பார்த்து நெவியோ தன் பழைய தொழிலின் பாஷையில் ஏதோ சொன்னான்.

"அந்தப் பூட்டைச் செஞ்சவரே அவர். வயரைப் பிடுங்கினா அஞ்சு நிமிஷத்துல உடையிற பொய்யை அவரா தெரியாம சொல்லுவார்? அவருக்கு வேற நல்ல பொய் கிடைக்கலையா? தேடிப் பிடிச்சு இதை எடுத்திருக்கார். யாராவது வந்து உடைக்கட்டும்னு."

"அப்ப நல்லவரா? விட்டுடலாமா?"

"நல்லவரா? டெலியா மேல பழியைப் போட்டுட்டு ஜன்னலைப் பாக்கறவர் நல்லவரா?" அவள் மறுபடி நடந்தாள். "மொத்தப் பழியையும் அவர் தலையிலயே போடப் போறேன். கோபம் வரணும்."

"யாருக்கு?"

"முதல்ல அவருக்கு."

கம்ப்யூட்டர் அறையில் டெலியா விட்டுப் போன இடத்திலேயே இருந்தாள். ஒரேஸ்தேயும் அசையவில்லை.

"'வாசல்'ங்கிற பேர்ல இந்த மெஷின்ல எத்தனை பொருள் இருக்கு?" என்று கேட்டாள் ரொமானா. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஒரேஸ்தே அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தார். நெடுநேரம் மூட்டை சுமந்தவன் இறக்கி வைக்க இடம் கண்டதுபோல் ஒரு பார்வை. பிறகு சாவிப்பலகையைத் தட்டினார். திரையில் இரண்டு வரிகள் வந்தன. இரண்டிலும் அதே பெயர்.

டெலியா எழுந்து வந்து பார்த்தாள். "இது என்ன? ரெண்டாவது எங்கேர்ந்து வந்தது?"

"பொருளெல்லாம் லைப்ரரியில இருக்கும், சின்யோரா. லைப்ரரின்னா அலமாரி மாதிரி" என்றார் ஒரேஸ்தே. "புது ஸ்கிரீன் ஒண்ணு தயார் பண்றோம். சோதிச்சுப் பாக்கறதுக்காக அசல் அலமாரியை அப்படியே நகல் எடுத்து இன்னொரு அலமாரி வச்சேன். செவ்வாய்க்கிழமை காலைலகூட புதுசா நகல் எடுத்தேன். அன்னிக்கு இருந்த பட்டுவாடா உத்தரவு, புரோகிராம், எல்லாம் அதுலயும் வந்துடுச்சு. வாசலும் வந்துடுச்சு. வேலைக்குப் பேர்தான் தெரியும். எந்த அலமாரி முன்னால நிக்குதோ அதுல கிடைக்கிற வாசலைப் பூட்டிக்கும். டெலியாவோட வேலை அசல் வாசலைப் பூட்டுச்சு. சோதனை ஸ்கிரீன்லேர்ந்து போன வேலை நகல் வாசலைப் பூட்டுச்சு. ரெண்டுக்கும் 'உள்ளே ஆள் இருக்கிறது'ன்னு யாரும் சொல்லல."

"கிரேன்?"

"கிரேனுக்கு ஏது நகல்." அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுதான் இருக்கு."

டெலியா ஓங்கி அவர் மேஜையில் அடித்தாள். பேனாக்கள் குதித்தன. "இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீங்க? என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் நீங்க."

கதவு திறந்தது. ருஜேரியும், அவருக்குப் பின்னால் தொப்பியைக் கக்கத்தில் வைத்த போலீஸ் மார்ஷலும் வந்தார்கள். மார்ஷலின் மீசையில் இன்னும் காபி நுரை இருந்தது. ருஜேரியின் கையில் அந்தத் தாள், மடித்து, புதிதாக.

"டெலியா, மார்ஷல் வந்துட்டார்..."

"நல்ல நேரத்துல வந்தீங்க, மார்ஷல்" என்றாள் ரொமானா. "எழுதிக்கோங்க. டெலியா ஒரு தடவைதான் அனுப்பியிருக்காங்க. ரெண்டாவது உத்தரவு சோதனை ஸ்கிரீன்லேர்ந்து போயிருக்கு. அந்த ஸ்கிரீனைச் செஞ்சது இவர். நகல் எடுத்தது இவர். அழுத்தினதும் இவர். ஒரேஸ்தே."

நெவியோ தெரிந்தும் ஒரு கணம் வாயைப் பிளந்தான். அவ்வளவு நிதானமாகச் சொன்னாள்.

ருஜேரியின் தோள்கள் கண்ணுக்குத் தெரியும்படி தளர்ந்தன. தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். "ஒரேஸ்தேயா?" என்றார் வருத்தமாக. "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு, மார்ஷல். பழைய ஆளாச்சேன்னு வாயைத் திறக்கல. டெலியா, தப்பா நெனச்சுக்காதம்மா. இவ்வளவு பெரிய முட்டாள்தனம் இவர் பண்ணுவார்னு யாருக்குத் தெரியும்?"

"முட்டாள்னா சாதாரண முட்டாள் இல்ல" என்றாள் ரொமானா. "கிடங்குல மனுஷங்க நடமாடும்போது, என்ன ஆகும்னு தெரியாம ஒரு பட்டனைத் தட்டற முட்டாள். கைக்குழந்தைக்குத் தோணும், பளபளன்னு இருக்கு, தட்டிப் பாப்போம்னு. அந்த அறிவு."

ருஜேரியின் தலையாட்டல் பாதியில் நின்றது.

மார்ஷல் எழுதிக்கொண்டே கேட்டார். "ஒரேஸ்தே, நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரேஸ்தே எழுந்து நின்றார். எழுந்தபோதுதான் அவர் எவ்வளவு உயரமானவர் என்று தெரிந்தது. அவர் டெலியாவைப் பார்த்தார். பிறகு ருஜேரியை. மூன்று நாளாக ஜன்னலைப் பார்த்த கண்கள் இல்லை அவை.

"முட்டாளா, இன்ஜினியர்?" என்றார். "நானா? அவ மேல பழியைச் சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். அடுத்த வருஷம் பென்ஷன்னு ஞாபகப்படுத்தினீங்க, வாயை மூடிக்கிட்டேன். இப்ப முட்டாளும் நானாவே இருக்கணுமா? செவ்வாய்க்கிழமை அந்த நேரத்துல நான் இந்த ரூம்ல இருந்தேன். சோதனை ஸ்கிரீன் இந்த ரூம்லயே இல்ல, மாடியில உங்க ரூம்ல இருக்கு. அது பக்கம் போக வேணாம்னு உங்ககிட்ட நான் சொன்னேனா இல்லையா?"

"பொய்." ருஜேரி ஒரு அடி முன்னால் வந்தார். முகம் கறுத்துவிட்டது. "மார்ஷல், பொய் சொல்றான்."

"அழுத்தாதீங்கன்னு சொன்னேன். கேக்கல நீங்க."

"வேணாம்னு நீ எங்க சொன்ன? இது வெறும் சோதனை, நெஜ கிரேன் அசையவே அசையாது, விருந்தாளிங்களுக்குத் தாராளமா அழுத்திக் காட்டுங்கன்னுதானே சொன்ன!"